பாண்டியன் செத்தால்தான் அடுப்பு பற்றும், தெரியுமா?

கல்லாறு என்றதும் மேட்டுப்பாளையத்து மலை ரயில் ஞாபகம் வருகிறதா? அது வேறு கல்லாறு! நாம் போகப்போவது திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு. தம்பானூரில் பஸ் ஏறி, நெடுமங்காடு, விதுரா தாண்டினால் பொன்முடி மலையின் அடிவாரம். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே சலசலத்து ஓடும் ஆறு. ஆற்றின் பெயரே ஊருக்கும். இங்கிருந்து மேலே ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். வருகிறவர்கள் வளைவுகளை எண்ணிக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த மலையிலும், இங்கிருந்து நாகர்கோவில் வரை நீளும் பழைய திருவிதாங்கூர் மண்ணிலும் சொல்லப்படும் கதைகளைக் கவனித்தால், கதைக்கு இலக்கணம் எழுதிய வெளிநாட்டுப் பண்டிதர்களே கொஞ்சம் முழிப்பார்கள்!

முதலில் ஒரு நிஜக் கதை. 1987 டிசம்பர். அகத்தியமலைக் காட்டுக்குள் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு விஞ்ஞானிகள் குழு நடக்கிறது. வழிகாட்டிகள் காணிக்காரர்கள், அந்த மலையின் பழங்குடிகள். ஏறி ஏறி விஞ்ஞானிகளுக்கு நாக்கு தள்ளுகிறது. காணிகளோ ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடக்கிறார்கள். கேட்டு வாங்கித் தின்ற விஞ்ஞானிகளுக்கும் தெம்பு வருகிறது. என்ன செடி? சொல்ல மாட்டோம், அது எங்கள் குடியின் ரகசியம் என்கிறார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே செடியைக் காட்டுகிறார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை! பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமை போனது. வந்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் பதிவானது.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதல்லவா? இருக்கத்தான் செய்யும். விளாதிமிர் பிராப் என்ற ரஷ்யர், இந்தக் காட்டு நடைக்கு 59 வருடம் முன்பே, 1928இல், இதன் வரைபடத்தைப் போட்டு வைத்துவிட்டார்! நூறு ரஷ்ய மாயக்கதைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அரசன் கழுகு கொடுக்கிறான், கிழவன் குதிரை கொடுக்கிறான், மந்திரவாதி படகு கொடுக்கிறான். ஆளும் பொருளும் மாறுகின்றன, நடக்கிற காரியம் மாறவே இல்லை. இப்படி மொத்தம் 31 காரியங்கள்தான், அவற்றைச் செய்ய 7 வகைப் பாத்திரங்கள்தான் என்று அடித்துச் சொன்னார். எல்லாக் காரியமும் எல்லாக் கதையிலும் இருக்காது. இருப்பவை மட்டும் வரிசை மாறாது. அவர் பட்டியலில் 12ஆவது காரியம்: வழியில் எதிர்ப்படும் கொடையாளி நாயகனைச் சோதிக்கிறார். 13: நாயகன் சோதனைக்குப் பதில் சொல்கிறான். 14: மாயப்பொருள் கைக்கு வருகிறது. காணிகள் மறுத்தது, விஞ்ஞானிகள் வாக்குக் கொடுத்தது, செடி கிடைத்தது... பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. அச்சு அசல்!

இதில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. பிராப்பின் கதைகளில் கொடையாளி பொருளைக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலும் காணாமல் போய்விடுவார். நாயகன் அரண்மனை போய்ச் சேருவான். பத்திரிகைகள் ஆரோக்கியப்பச்சையின் கதையைச் சொன்ன விதத்தைப் பாருங்கள்: கண்டுபிடித்தது விஞ்ஞானிகள், காட்டியது மட்டுமே காணிகள். யார் நாயகன், யார் கொடையாளி என்பதைக் காடு தீர்மானிக்கவில்லை, கதை சொன்னவர் தீர்மானித்தார். ஆனால் இந்தக் கொடையாளிகள் காணாமல் போக மறுத்தார்கள்! பிளாத்தி எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர் 1995இல் முதலமைச்சருக்கே எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். தங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்பதில் அவர்களுக்குச் சம்மதமில்லை. பிராப்பின் 31இல் இதற்கு எண் கிடையாது.

நம் கல்லாற்றைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவைத் தெரியுமா? காணி குடியில் பிறந்தவர், விஷக்கடி வைத்தியர், நூற்றுக்கணக்கான பச்சிலை மருந்துகளை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருப்பவர். கவிதையும் எழுதுவார். புஷ்பாங்கதனுக்கு 2010இல் பத்மஸ்ரீ கிடைத்தது. லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018இல் கிடைத்தது. அன்றைய செய்திகளில் காட்டுக்குள் மருந்தோடு இருந்தவரே நாயகி. மலையும் மருந்தும் அதேதான், பாத்திரம்தான் இடம் மாறிவிட்டது.

ஆள் மாறினாலும் காரியம் மாறாது என்பதற்கு நம் வீட்டுச் சாட்சியே இருக்கிறது. குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியின் வாயில் ரத்தம் பார்த்து, குழந்தையைத்தான் கொன்றுவிட்டது என்று பதறி அதை அடித்துக் கொன்ற பார்ப்பனியின் கதை ஊருக்கே தெரியும். சிலப்பதிகாரத்தில், அவளை அந்தப் பாவத்திலிருந்து மீட்க உதவியவன் கோவலன் என்று மாடலன் என்ற மறையவன் வாயால் வருகிறது. அதே கதை பிரிட்டனில் வேல்ஸ் நாட்டில் நடந்ததாம்! அங்கே கீரி இல்லை, இளவரசனின் வேட்டைநாய். பாம்பு இல்லை, ஓநாய். பெத்கெலெர்ட் என்ற ஊரில் அந்த நாய்க்குச் சமாதிகூட இருக்கிறது. போகிறவர்கள் கண்ணீர் விட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உலக நாட்டார் கதைகளுக்கு எண் போட்ட அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே எண்தான்: 178ஏ. புகாரிலிருந்து வேல்ஸ் வரை ஒரே கதை, வாலை மட்டும் மாற்றிக்கொண்டு போயிருக்கிறது!

பாத்திரம் இடம் மாறினால் கதை எப்படித் தலைகீழாகும் என்பதற்கு நீலியைவிட நல்ல உதாரணம் உண்டா? நாகர்கோவில் பக்கம் கள்ளியங்காடு. நகைக்காகத் தன்னைக் கொன்றவனை அடுத்த பிறவியிலும் விடாமல் துரத்துகிறாள் நீலி. அவன் இப்போது வணிகன். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன் என்று ஊரார் முன்னால் அழுகிறாள். ஊர் நம்பிவிடுகிறது. அவன் செத்தான். வடக்கே பழையனூரிலும் இதே கதை. அங்கே அவனுக்கு உயிர்ப்பிணை நின்ற எழுபது வேளாளர்கள் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். வில்லுப்பாட்டில் நீலி முதலில் கொலையுண்டவள், பிறகு பழி வாங்கியவள், கடைசியில் கோயில் கொண்டவள். மலையாளப் பக்கம் கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலை'யைத் திறந்தால், பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலான காட்டுவழியில் சுண்ணாம்பு கேட்டு ஆளைத் தின்னும் யட்சி ஒருத்தி. அவளை அடக்குகிற கடமற்றத்து கத்தனார்தான் நாயகன். பிற்காலத்தில் மேடையும் சினிமாவும் இந்த யட்சியையும் நீலியையும் ஒருத்தியாகவே ஆக்கிவிட்டன. 2025இல் வந்த 'லோகா' படமோ அவளைச் சூப்பர் ஹீரோவாக்கி, பெங்களூரில் கொண்டுபோய் விட்டது! பேயாக இருந்தவளுக்குத் தியேட்டரில் விசில். பிராப் இருந்திருந்தால் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருப்பார்.

சரி, இதெல்லாம் கதைக்கு உள்ளே. இப்போது வெளியே வாருங்கள், அங்கேதான் ஆச்சரியம் இருக்கிறது.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாகர்கோவில் வட்டாரத்துக் கோயில் கொடை விழாக்களில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்டு, 1988இல் ஒரு புத்தகம் போட்டார். அவர் பிரித்த விதம் மிகச் சுலபம். பாடப்படும் கதைகள் இரண்டே ஜாதி. ஒன்று, தெய்வமாகவே பிறந்தவர்களின் பிறப்புக் கதை. மற்றது, மனிதராகப் பிறந்து வெட்டுப்பட்டோ, தூக்கில் தொங்கியோ, ஏமாற்றப்பட்டோ செத்துத் தெய்வமானவர்களின் இறப்புக் கதை. இதில் எதற்குச் சாமி ஆவேசமாக வந்து இறங்கும்? இறப்புக் கதைக்கு! அதுவும் கதையின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் அல்ல. நடுச்சாமம். பாட்டுத் தலைவரான அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டுகிறார், மணிகள் குலுங்குகின்றன, பக்கத்தில் குடம் அதிர்கிறது, உடுக்கு முடுக்குகிறது. வலத்தே உள்ளவர் ஒரு வரி எடுக்க, இடத்தே உள்ளவர் வாங்கிப் பாட, கதை கொலையை நெருங்குகிறது. அந்தக் கட்டம் வரும்போதுதான் எதிரே நிற்கும் சாமியாடியின் உடம்பு முறுக்கும். வில்லுப்பாட்டுக் குழுவுக்கு இது கண்ணுக்கு நேராகத் தெரியும் சங்கதி. சாமி வரத் தாமதமானால் பாட்டை நீட்டுவார்கள், வந்துவிட்டால் அதற்கேற்ப மாற்றுவார்கள். கதையின் உச்சம் எங்கே இருக்கிறது என்று நாவல் படிக்கிறவர் பக்கத்தில் தேடலாம். இங்கே அது சாமியாடியின் காலில் இருக்கிறது!

அடுத்தது இதைவிடப் பெரிது. ஆற்றுகால் பொங்கல் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாசி மாதம், திருவனந்தபுரம் நகரமே அடுப்பாகிவிடும். 1997இல் 15 லட்சம், 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் கணக்கு. அந்த லட்சக்கணக்கான அடுப்புகள் எந்த நிமிஷத்தில் பற்றவைக்கப்படுகின்றன, தெரியுமா? ஒரு கதை எந்த இடத்துக்கு வருகிறது என்பதைப் பொறுத்து!

திருவிழா தொடங்கியதும் கோயில் முன்னால் பச்சைப் பந்தலில் தோற்றம் பாட்டுக்காரர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பாடுவது நம் கண்ணகியின் கதையைத்தான். முதல் நாள் காப்புக்கட்டு. தேவியை அழைத்துக் குடியிருத்தும் பாட்டு. பிறகு நாளுக்குக் கொஞ்சமாக அழகு, கல்யாணம், வறுமை, சிலம்பு விற்கக் கிளம்புதல். ஏழாம் நாள் பாட்டில் பாலகன் கொல்லப்படுகிறான். பாலகன் என்பது அங்கே கோவலன். அன்று காலை கோயில் நடை வழக்கமான நேரத்துக்குத் திறக்காது. துக்கம்! கதையில் ஒருவன் செத்ததற்கு நிஜக் கோயில் கதவு தாமதமாகிறது. பிறகு தேவி அவனை உயிர்ப்பிக்கவும் செய்கிறாள். இளங்கோவிடம் இல்லாத திருப்பம் இது. ஒன்பதாம் நாள் காலை. தெருத் தெருவாகச் செங்கல் அடுப்புக் கூட்டி, புதுப்பானையில் தண்ணீர் ஊற்றி, ஓலையையும் மட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான பெண்கள் காத்திருக்கிறார்கள். பந்தலில் பாட்டு மதுரைக்கு வந்துவிட்டது. தேவி பாண்டியனைக் கொல்கிறாள். அந்தப் பகுதி பாடி முடிந்ததும் கருவறையிலிருந்து நெருப்பு வெளியே வரும். தலைமைப் பூசாரியான மேல்சாந்தி கோயில் மடைப்பள்ளியான திடப்பள்ளியின் அடுப்பைப் பற்றவைப்பார், அடுத்து வெளியே உள்ள பண்டார அடுப்பு, செண்டை, குலவை, வெடி, அதிலிருந்து பக்கத்து அடுப்பு, அதிலிருந்து அடுத்த அடுப்பு... கிலோமீட்டர் கணக்கில் தீ ஓடுகிறது.

யோசித்துப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த தீ, இங்கே பொங்கல் வைக்கிறது!

கதையின் ஏற்ற இறக்கத்தைக் கோடு போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் குஸ்டாவ் ஃபிரைடாக் என்பவர் 1863இல் நாடகத்துக்கு ஒரு முக்கோணம் வரைந்தார்: ஏற்றம், நடுவில் உச்சி, இறக்கம், முடிவு. இன்றைக்கும் திரைக்கதை வகுப்புகளில் அந்த முக்கோணத்தைத்தான் கரும்பலகையில் போடுகிறார்கள். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், நாடகத்தின் ஐந்து சந்திகளை விளக்கியிருக்கிறார், தெரியுமா? முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். வடமொழி நாட்டிய சாத்திரத்து ஐந்தும் இதன் உறவுதான். ஆனால் அவர் விளக்குகிற விதம் முழுக்க வயற்காடு. உழுத நிலத்தில் விதை முளைப்பது முகம்; நாற்றாவது பிரதிமுகம்; கருக்கொள்வது கருப்பம்; கதிர் முற்றுவது விளைவு. ஐந்தாவதுதான் அடி! அறுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், உண்டு மகிழ்வது. ஃபிரைடாக்கின் கோடு மேடையோடு நின்றுவிடுகிறது, நம்மவர் சோற்றுப் பானை வரை போகிறார். ஆற்றுகாலில் அந்த ஐந்தாம் கட்டத்தை வெல்லம் போட்டுப் பொங்கி இறக்குகிறார்கள். முக்கோணத்தைவிட எனக்கு இந்த வயல்தான் பிடித்திருக்கிறது, உள்ளூர்ப் பாசம் என்றாலும் பரவாயில்லை.

கம்ப்யூட்டரும் இதில் இறங்கிவிட்டது. 2016இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று 1,327 ஆங்கிலக் கதைகளைக் கணினிக்குக் கொடுத்து, சொற்களில் இன்பம் ஏறுவதையும் துன்பம் ஏறுவதையும் கோடாக வரையச் சொன்னது. வந்தவை பெரும்பாலும் ஆறே வடிவங்கள்! ஏற்றம், இறக்கம், இறங்கி ஏறுவது, ஏறி இறங்குவது, ஏறி இறங்கி மறுபடி ஏறுவது, இறங்கி ஏறி மறுபடி இறங்குவது. கோவலனின் வாழ்க்கையை இதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம், நல்ல பொழுதுபோக்கு. கோட்டின் எந்தப் புள்ளியில் அடுப்பு பற்றும் என்று மட்டும் அந்தக் கணினியைக் கேட்டால் தெரியாது.

கதை எவ்வளவு நேரம் ஓடலாம்? மூன்று மணி நேரம்? கேரளத்துச் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தில் 'மந்திராங்கம்' என்று ஒன்று. நாடகத்தின் ஒரே ஓர் அங்கம். முழுதாக நடித்து முடிக்க 41 நாள்! அந்த நாடகம் பழைய வடமொழி நாடகாசிரியர் பாசன் எழுதியதாகச் சொல்லப்படும் 'பிரதிஞ்ஞா யௌகந்தராயணம்'. பெயர் மட்டும் தெரிந்து, நூல்கள் தொலைந்துபோனதாக நினைத்திருந்த பாசனின் நாடகச் சுவடிக்கட்டு 1909 வாக்கில் எங்கே கிடைத்தது என்றால், பத்மநாபபுரம் பக்கத்து மணலிக்கரையில்! இன்றைக்கு அது கன்னியாகுமரி மாவட்டம். கணபதி சாஸ்திரி அந்த நாடகங்களைத் திருவனந்தபுரத்தில் 1912 முதல் அச்சிட்டார். அவற்றில் 'ஊருபங்க'த்தில் துரியோதனன் மேடையிலேயே உயிர் விடுகிறான். மேடையில் சாவைக் காட்டாதே என்ற சாத்திர விதிக்கு ஒரு உதை.

41 நாள் எப்படி இழுக்கிறார்கள்? 'நிர்வகணம்' என்று ஓர் உத்தி. பாத்திரம் மேடைக்கு வந்து நிற்கும். கதை முன்னால் போகாது. இதற்கு முன் என்ன நடந்தது? அதற்கு முன்? அதற்கும் முன்? கேள்வி மேல் கேள்வியாகப் பின்னோக்கிப் போய், ஓர் ஆதியைத் தொட்டு, அங்கிருந்து படிப்படியாக நடித்துக்கொண்டே மறுபடி இந்த நிமிஷத்துக்கு வந்து சேரும். அதற்குள் பல ராத்திரிகள் கழிந்திருக்கும். பிரெஞ்சுக்காரர் ஜெரார் ஜெனெத் 1972இல் கதைக்குள் காலம் முன்பின்னாகப் புரள்வதை வகை வகையாகப் பிரித்து எழுதினார். அவருக்கு யாராவது திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் மார்கி அரங்கத்தைக் காட்டியிருக்கலாம்.

திருவனந்தபுரத்திலேயே இருந்து இதையெல்லாம் பற்றி எழுதியவர் ஒருவர் இருந்தார்! மலையாளத்தின் பெரிய கவிஞர், கேரளப் பல்கலைக்கழகத்து ஆங்கிலப் பேராசிரியர் அய்யப்பப் பணிக்கர். 2003இல் இந்தியக் கதையியல் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். கதையியல் என்ற துறைக்கே 1969இல்தான் பாரிஸில் தொடோரோவ் பெயர் வைத்தார் என்பதை நினைத்தால், இது அவ்வளவு தாமதமில்லை. இந்தியக் கதைக்குப் பணிக்கர் பத்து குணங்கள் சொல்கிறார். கதைக்குள் கதை வைத்துத் தொடராக்குவது, காலத்தை ரப்பராக இழுப்பது, எழுதியவர் பெயரை மறைத்துக்கொள்வது, சொல்லும்போதே புதிதாகக் கூட்டிச் சொல்வது என்று நீளும் பட்டியல். வகை பிரிக்கும்போது இதிகாசம், புராணம், பழங்குடிக் கதை என்ற வரிசையில் திராவிடக் கதைமுறைக்கும் தனி இடம் கொடுத்தார். சிலப்பதிகாரம் அங்கேதான் வருகிறது.

கேட்க ஆளே இல்லாமல் கதை சொல்ல முடியுமா? பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து. கூத்துமாடத்தில் திரை, பின்னால் 21 விளக்குகள், மான்தோல் பாவைகள். பாடுவது கம்பராமாயணம், தமிழ்ப் பாட்டேதான்! புலவர்கள் ஒரு பாட்டைப் பாடி, அதற்குப் பொருள் சொல்லி, ஒருவரையொருவர் மடக்கி, இலக்கணத்தில் வாதாடி, விடிய விடிய நடத்துகிறார்கள். முழுக் கதைக்கு 21 ராத்திரி. திரைக்கு முன்னால் பல நாள் ஒரு ஈ காக்கா இருக்காது. பிளாக்பர்ன் இதையும் தேடிப் போய் 1996இல் தனி நூல் எழுதினார். ஆள் இல்லாததால் புலவர்கள் தங்களுக்குள்ளேயே பேச்சை வளர்த்துக்கொண்டார்கள், கூத்தின் அமைப்பே அப்படி உரையாடலாக மாறியது என்பது அவர் பார்த்துச் சொன்னது. அப்படியானால் யாருக்காகப் பாடுகிறார்கள்? பத்ரகாளிக்கு. தாருகனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லையாம். அதனால் கூத்துமாடத்தைக் கோயிலைப் பார்த்தே கட்டி, விட்டுப்போன யுத்தத்தை வருஷா வருஷம் காட்டுகிறார்கள்.

தை பிறந்து வைகாசிக்குள் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். இந்திரஜித் வதம் எந்த ராத்திரி என்று புலவரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இலக்கண வாதம் நடக்கிற ராத்திரியில் மாட்டிக்கொண்டால் தூங்கிவிடுவீர்கள்!